சஷ்டிக்குப் பிறகு

மஞ்சள் ஒட்டுத்தாளில் நீலப் பேனாவால் எழுதிய இரண்டே சொற்கள்: "சஷ்டிக்குப் பிறகு." ஸ்காபரோவில் எங்கள் ஆய்வுகூடத்துக் குளிர்பெட்டியில், ஒரு சிறுநீர்ப் போத்தலில் அது ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதுகிற இடத்தில் இது மட்டும் ஏன் தமிழில்? அங்கே தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர், நானும் அண்ணையும். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். சும்மா விடுவேனா?

அண்ணை என்று நான் கூப்பிடுகிற அவர்தான் அங்கே மூத்த பகுப்பாய்வாளர். போத்தல் ஓர் உலோகத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தமிழருடையது. அதில் ஆர்செனிக் அளவுக்கு மிஞ்சி இருந்தது. உறுதியானால் அந்த மனிதரை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அண்ணை தொலைபேசியில் அவரோடு பேசியது என் காதில் விழுந்தது: "ஓம், சஷ்டி முடியட்டும். மீன், நண்டு ஒண்டும் தொடாதையும். பிறகு வந்து இன்னொருக்காத் தாரும்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக் கடத்தி, ஊர்க்காரனுக்காக நஞ்சை மறைக்கிறாரே மனிதர்! அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அன்றைக்கே அண்ணையைக் கருவியில் கைவைக்க வேண்டாம் என்றுவிட்டார்கள்.

பழைய போத்தலைச் சோதிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதுவரை பார்த்தது மொத்த ஆர்செனிக்கை மட்டும். இந்தமுறை முதலில் எல்சி கருவியில் விட்டேன். அது ஆர்செனிக்கை வகைவகையாகப் பிரித்து, ஒவ்வொன்றாக அணு உறிஞ்சல் கருவிக்கு அனுப்பும். எந்த வகை எவ்வளவு என்று அது காட்டும். திரையில் ஒரேயொரு கோடு உயர எழுந்தது. மீனிலும் நண்டிலும் இருந்து வருகிற, உடம்புக்குக் கெடுதல் செய்யாத வகை. நஞ்சு வகைக்குரிய இடத்தில் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. கருவியையும் நம்பாமல் மூன்று தரம் ஓட்டினேன். அதேதான். மனிதர் நண்டுக் கறி சாப்பிட்டிருக்கிறார், அவ்வளவுதான். சஷ்டி விரதத்தில் எப்படியும் மீன், மச்சம் தொடமாட்டார் என்றுதான் அண்ணை அந்த நாளைக் குறித்திருக்கிறார். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது.

முடிவை மேலாளரிடம் காட்டினேன், தடையை நீக்கினார்கள். கருவிக்குத் திரும்பி வந்த அண்ணை மேசையைத் துடைத்தபடி, "இதை நீர் என்னட்டையே கேட்டிருக்கலாமே, தம்பி" என்றார். வியாழன்தோறும் அவர் என் மேசையில் வைக்கிற மீன் ரோல் அதற்குப் பிறகு வரவில்லை. அவர் ஓய்வு பெற்ற அன்று மன்னிப்புக் கேட்டேன். "அதை நான் எப்பவோ மறந்திட்டன்" என்று சிரித்தார்.

இன்று அவருடைய கதிரையில் நான் இருக்கிறேன். அந்த ஒட்டுத்தாள் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது, பசை காய்ந்துவிட்டது. உண்மையிலேயே மறந்தாரா, அல்லது என் வாயை அடைக்க அப்படிச் சொன்னாரா? பக்கத்தில் மில்லிக்கனில்தான் இருக்கிறார், தொலைபேசி இலக்கமும் என்னிடம் உண்டு. இன்னும் நான் கேட்கவில்லை.