இரண்டு கிலோ தொள்ளாயிரம்

தராசக்காவுக்குக் கோபம் வரவேண்டுமென்றால் ஒரே ஒரு கேள்வி போதும். அச்சு அசலாகக் கைக்குழந்தை மாதிரியே செய்த பொம்மைகளைச் சுத்தம் பண்ணிக் கொடுப்பது அவள் தொழில். புதிதாக அறிமுகமாகிறவர்கள் அதைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இதையெல்லாம் வைத்திருக்கிறவர்களுக்குக் குழந்தை ஏதாவது இறந்துபோயிருக்குமோ என்று விசாரிப்பார்கள்.

"மீன் தொட்டி வெச்சிருக்கிறவங்ககிட்டப் போய், உங்க வீட்ல யாரு தண்ணில முழுகினாங்கன்னு கேப்பீங்களா?" என்பாள் அவள்.

பிடித்திருக்கிறது, வைத்திருக்கிறார்கள், அதற்குமேல் கதை எதற்கு என்பது அவள் கட்சி. அதில் நியாயம் உண்டு. ஆனால் கதையே வேண்டாம் என்று இருந்தவளையும் ஒரு கதை தேடி வந்து மாட்டிவைத்தது.

ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைகள் வார்டில் இருபத்திரண்டு வருஷம் உதவியாளராக இருந்தவள். காலையில் குழந்தைகளை வரிசையாக எடை போட்டு எழுதிவைப்பது அவள் பொறுப்பு. முந்தின நாளைவிட இருபது கிராம் ஏறியிருந்தால் தாய்க்காரியிடம் போய், தன் வீட்டு விசேஷம் மாதிரி சொல்லிவிட்டு வருவாள். குறைந்திருந்தால் யாரிடமும் பேசாமல் நேரே நர்ஸிடம் போவாள். அங்கே ஒட்டிக்கொண்ட பெயர்தான் தராசக்கா. ஓய்வு பெற்றபின் வார்டு டாக்டரம்மா தன் வீட்டிலிருந்த பொம்மை ஒன்றைத் துடைத்துத் தரச் சொன்னார். "தலையத் தாங்கிப் பிடிக்கத் தெரிஞ்ச ஆள் நீதான்" என்றார். அந்த ஒன்று பத்தாகி, பத்து நூறாகிவிட்டது.

வீடு மாடியில். சன்னலுக்கு நேர் கீழே பஸ் நிறுத்தம். நிறுத்தத்தில் ஒருவர் தும்மினால் இவள் மேஜையில் கேட்கும். கணவன் போனபின் இவளும் நாத்தனாரும் மட்டும்தான் அந்த வீட்டில். நாத்தனாருக்குக் கடன்காரனைக் கண்டால்கூடப் பயமில்லை, பொம்மை என்றால் பயம். வேலை அறையின் வாசற்படியைத் தாண்டமாட்டாள். டீயை வெளியே முக்காலியில் வைத்துவிட்டு, "அண்ணி, உன் பிள்ளைங்க எல்லாம் கண்ணத் தொறந்துட்டே தூங்குது, நீயாவது மூடித் தூங்கு" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

வேலையில் தராசக்கா கறார். இந்தப் பொம்மைகளுக்குத் தலை, கை, கால் மட்டும்தான் வினைல். உடம்பு துணி. அதற்குள் பஞ்சும், கனத்துக்காக மணல் போன்ற கண்ணாடிக் குருணையும். தலைமயிர் ஒவ்வொன்றும் ஊசியால் குத்தி ஏற்றியது. ஆகவே முக்கி எடுக்கிற பேச்சே கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தை சோப்பு ஒரு சொட்டு, பிழிந்த மெல்லிய துணி. காது மடலுக்கும் விரல் இடுக்குக்கும் பஞ்சுக்குச்சி. துடைத்தபின் பளபளப்பு அடங்கப் பவுடர். முடிக்குத் தண்ணீர் தெளித்து, நுனியிலிருந்து மேலாகச் சீவவேண்டும். வெயில் பட்டால் நிறம் போகும் என்பதால் திரை எப்போதும் மூடியே இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தராசு. பொம்மை வந்ததும் எடை போட்டு நோட்டில் எழுதாமல் ஒரு தையலையும் பிரிக்கமாட்டாள். வாங்கிப்போகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையில் வாங்கித்தான் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஐம்பது கிராம் பிசகினாலும் கை சொல்லிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த வழியாக ஓடும் பஸ்ஸின் டிரைவர் மாடிப்படி ஏறி வந்தார். இரண்டு வருஷமாக இந்தப் பாதையில் ஓட்டுகிறவர். துணியில் சுற்றிய பொம்மைகளோடு பெண்கள் இந்த நிறுத்தத்தில் ஏறி இறங்குவதைப் பார்த்து, இந்தக் குழந்தைக்கு டிக்கெட் உண்டா என்று கண்டக்டரைக் கேட்டுச் சிரிப்பவர். அன்று சிரிப்பு இல்லை. ஒரு கையில் பிளாஸ்டிக் வாளி, இன்னொரு கையில் மூடிபோட்ட டப்பா.

வாளிக்குள் ஒரு பொம்மை நனைந்த கோழி மாதிரிக் கிடந்தது. டப்பாவில் ஈரக் குருணை.

அவர் மனைவியினுடையது. நாலு வருஷமாக வீட்டில் இருக்கிறது, பெயர் குட்டி. மனைவி, கண் ஆபரேஷன் ஆன தன் அக்காவுக்குத் துணையாகப் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். இவர் டீ டம்ளரோடு நாற்காலியைத் தாண்டும்போது டீ முழுதும் குட்டிமேல் கொட்டிவிட்டது. பதறிப்போய்க் குட்டியின் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று போட்டிருந்தது. சட்டைக்கு எழுதியதை ஆளுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டு, குட்டியை அப்படியே வாஷிங் மெஷினில் போட்டுவிட்டார். முதுகுத் தையல் விட்டு, குருணை எல்லாம் டிரம்மில் கொட்டி, அதை டீ வடிகட்டியால் அள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

நாத்தனார் வாசற்படிக்கு வெளியே நின்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தராசக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. உடைமைக்காரருக்குத் தெரியாமல் அவள் எதையும் தொட்டதில்லை.

"அவகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்லக்கா. நாலு வருஷமா இத வெச்சு அவளக் கிண்டல் பண்ணிட்டே இருந்திருக்கேன். வீட்டுக்கு யாரு வந்தாலும், இது என் பொண்டாட்டியோட பைத்தியம்னு காட்டுவேன். இப்ப டீ தவறிக் கொட்டுச்சுன்னா நம்புவாளா? வேணும்னே பண்ணினேன்னுதான் நெனைப்பா. அப்படி நெனைச்சிட்டா என்னால தாங்க முடியாது."

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் தராசக்கா மசிந்தாள். சரி செய்து தருகிறேன், ஆனால் நடந்ததை நீங்களே உங்கள் வாயால் சொல்லவேண்டும் என்று நிபந்தனை போட்டாள். அவர் தலையாட்டினார். அது மாட்டுத் தலையாட்டலா மனுஷத் தலையாட்டலா என்று அவளுக்கு நிச்சயமில்லை.

பிறகுதான் சிக்கலே வந்தது. எடை?

"எவ்வளவு கனம் இருந்துச்சு? ஒரு குத்துமதிப்பா சொல்லுங்க."

அவர் வாளியைப் பார்த்தார். இரண்டு கைகளையும் தொட்டில் மாதிரி ஏந்திப் பார்த்துவிட்டு, கீழே போட்டார். "தெரியாதுக்கா. நான் அதத் தூக்கினதே இல்ல. ஈரத்தோட எடுத்ததுதான் முதல் தடவை."

அவர் மனைவி தினமும் சாயங்காலம் டிவி பார்க்கும்போது குட்டியை மடியில் வைத்திருப்பாளாம். பக்கத்து நாற்காலியில் இவர். நடுவில் ஒரு முழம்கூட இருக்காது.

மறுநாள் அவர் அலமாரியைத் துழாவி ஒரு காகிதம் கொண்டுவந்தார். பொம்மை செய்தவர்கள் கொடுத்த பிறப்புச் சீட்டு. பிறந்த தேதி, உயரம், எடை எல்லாம் அச்சடித்திருந்தது. எடை இரண்டு கிலோ தொள்ளாயிரம். தராசக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அச்சில் இருக்கும்போது இனி என்ன கவலை?

நாலு நாள் அவள் வேறெதையும் தொடவில்லை. உடம்பின் துணி உறையை அலசி நிழலில் உலர்த்தினாள். கட்டிதட்டிய பஞ்சை வீசிவிட்டுப் புதிதாக வைத்தாள். சிக்குப் பிடித்த முடியை இழை இழையாகப் பிரித்தாள். நிறம் சூட்டில் பதித்தது என்பதால் தப்பியிருந்தது. மூக்கு நுனியில் மட்டும் உரசல், அதைத் தொட்டுத் தொட்டு ஒப்பேற்றினாள். முதுகில் விட்டுப்போன தையலில் நூல் துணுக்குகள் தொங்கின. ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு, ஒன்று நீலம். இயந்திரத் தையல் அல்ல, கைத்தையல். அதுவும் கோணல்மாணல். "எந்தப் புண்ணியவதி தைச்சாளோ, ஊசி பிடிக்கத் தெரியாம" என்று முணுமுணுத்துவிட்டு, பிடுங்கி எறிந்தாள்.

எல்லாம் காய்ந்தபின் நிறுத்தாள். இரண்டு கிலோ நூற்றைம்பது. முக்கால் கிலோ குறைந்தது. மெஷின் குழாய் வழியாகப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, தன்னிடமிருந்த குருணையில் எழுநூற்றைம்பது கிராம் சேர்த்துத் தைத்தாள். இரண்டு கிலோ தொள்ளாயிரம், ஒரு கிராம் பிசகில்லை. சனிக்கிழமை டிரைவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அவர் நன்றி சொன்ன விதத்தில் தராசக்காவே கொஞ்சம் நெகிழ்ந்துபோனாள். அன்று மத்தியானம் நாத்தனாரிடம், வாஷிங் மெஷினில் போட்டதையே பிழைக்கவைத்தேன் என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் படியில் இரண்டு பேர் ஏறும் சத்தம் கேட்டது.

முன்னால் டிரைவர், சீருடை இல்லாமல். கையில் குட்டி. பின்னால் அவர் மனைவி, இடது தோளில் கைப்பையோடு. வலது கையை வயிற்றோடு ஒட்டிவைத்திருந்தாள். நாற்காலியில் உட்காரும்போதும் அந்தக் கையை ஊன்றவில்லை. தராசக்கா அதைக் கவனித்தாள். கவனித்த மாத்திரத்தில் மூன்று நிற நூலும் கோணல் தையலும் கண்முன்னே வந்தன.

டிரைவர்தான் சொன்னார். ஞாயிறு சாயங்காலம் இவள் குட்டியைத் தூக்கினாள். பாதி உயரம் வந்ததும் கை தளர்ந்து, மறுபடி நாற்காலியிலேயே வைத்துவிட்டாள். யார் இதில் கனம் சேர்த்தது என்று கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், டீயிலிருந்து வடிகட்டிவரை.

"வேணும்னே பண்ணினார்னு நெனைச்சீங்களா?" என்று கேட்டாள் தராசக்கா.

"இவரா?" என்றாள் மனைவி. "வடிகட்டில அள்ளியிருக்கார்க்கா. வேணும்னே பண்றவங்க அள்ளுவாங்களா?" பிறகு தன் மடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான்தான் இவர்கிட்ட ஒண்ணு சொல்லாம இருந்துட்டேன்."

ஒன்றரை வருஷமாக வலது கை வலு குறைந்துகொண்டு வருகிறது. முதலில் குடம், பிறகு பால் பாத்திரம், பிறகு குட்டி. முதுகைப் பிரித்து ஒரு பிடி குருணையை எடுத்துவிட்டுத் தைத்தாள். ஆறு மாதம் கழித்து இன்னொரு பிடி. அப்புறம் இன்னொன்று. டாக்டரிடம் போகவில்லை. போனால் ஏதாவது சொல்லிவிடுவார்களே என்ற பயம். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால், குட்டியைத் தூக்கித் தூக்கித்தான் இப்படி ஆச்சு என்று கிண்டல் வரும்.

தராசக்காவுக்குத் தன்மேல்தான் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருஷம் எடை குறைந்தால் ஓடியவள் அவள். முக்கால் கிலோ குறைந்ததைக் கண்ணால் பார்த்தும், பழியைக் குழாய்மேல் போட்டுவிட்டு அச்சடித்த காகிதத்தை நம்பியிருக்கிறாள்.

"என்னை மன்னிச்சிரும்மா. தராசு சரியாத்தான் சொல்லிச்சு. நான்தான் கேக்கல."

குட்டியின் முதுகுத் தையலைப் பிரித்தாள். எவ்வளவு எடுக்கட்டும் என்று கேட்டதற்கு, அளவெல்லாம் தெரியாது, கைக்குத்தான் தெரியும் என்றாள் மனைவி. அப்படியே செய்தார்கள். குட்டியை அவள் வலது கையில் கிடத்தி, தராசக்கா ஒவ்வொரு கரண்டியாக அள்ளி எடுத்தாள். டிரைவர் பக்கத்தில் முழங்காலிட்டு, கனம் முழுதும் அவள்மேல் விழாதபடி தன் கையைக் கீழே வைத்திருந்தார். ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் அந்தக் கையை மெல்ல விலக்கிப் பார்ப்பார். மனைவி, இன்னும் கொஞ்சம் என்பாள். வாசற்படியில் நின்ற நாத்தனார் எப்போது உள்ளே வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"போதும்" என்றாள் மனைவி கடைசியில்.

தைத்து முடித்துத் தராசில் வைத்தார்கள். ஒரு கிலோ தொள்ளாயிரம்.

நோட்டு திறந்தே கிடந்தது. போன வாரம் எழுதிய இரண்டு கிலோ நூற்றைம்பதை டிரைவர் படித்தார். தராசின் முள்ளைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார். அவள் ஊருக்குப் போவதற்கு முன்னால் தூக்கிய கனத்தை இப்போது தூக்க முடியவில்லை. அதை யாரும் அவருக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. தினமும் ஸ்டியரிங் பிடிக்கிற அந்தப் பெரிய கைகள் இரண்டும் மேஜைமேல் செய்வதறியாமல் கிடந்தன.

"பன்னெண்டு மணிக்கு டாக்டர் வரச்சொல்லியிருக்கார். லீவு போட்டிருக்கேன்" என்றார், யாரைப் பார்த்தென்றில்லாமல்.

கிளம்பும்போது குட்டியை அவர்தான் வாங்கிக்கொண்டார். தலை பின்னால் சாய்ந்தது. தராசக்கா அவர் உள்ளங்கையைப் பிடித்து அதன் கழுத்துக்கு அடியில் வைத்துவிட்டாள். மனைவியின் தோளிலிருந்த கைப்பையையும் அவரே வாங்கி மாட்டிக்கொண்டார்.

அவர்கள் இறங்கியபின் தராசக்கா சன்னல் திரையை, வெயிலானாலும் பரவாயில்லை என்று ஒரு சாண் விலக்கினாள். நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண் எட்டிப் பார்த்து, துணிக்குள் தெரிந்த சின்ன முகத்தில் மயங்கி, "அச்சோ, எத்தனை மாசம்? ரொம்பச் சின்னதா இருக்கே" என்றாள்.

பொம்மை என்று சொல்லிச் சிரிக்கப்போகிறார் என்று தராசக்கா எதிர்பார்த்தாள். டிரைவர் சிரிக்கவில்லை. குட்டியையும் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற மனைவியின் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இளைச்சிருச்சும்மா" என்றார். "நான்தான் கவனிக்கல."