ஜமீலா அக்காவின் கால்சியம்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு பாடம் நடத்திவிடுவார்கள்: சீட்டில் எழுதியிருப்பதைப் பார், ஆளைப் பார்க்காதே. இந்தப் பாடத்தால் அநியாயத்துக்கு ஆளானவர் லப்பைக்குடிக்காடு ஜமீலா அக்கா. தைராய்டு கட்டிக்காகத் திருச்சியில் ஆபரேஷன் செய்து, அந்தச் சுரப்பியையே எடுத்துவிட்டு வந்தவர். "கை இழுக்குது, உதட்டைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்று சொன்னவரை, நடிக்கிறார் என்றார்கள். முதலில் சொன்னது உள்ளூர் டாக்டர். அவரை நம்பி மாமியார். மூன்றாவது ஆள் நான். உடம்புக்கு முடியாமல் போய், "அதெல்லாம் மனசுதாங்க காரணம்" என்று கேட்டுத் திரும்பிய உங்களில் எவருக்கும் அந்த எரிச்சலை நான் விளக்க வேண்டியதில்லை.

வளையல் போடும் கை

அப்போது நான் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முதல் வருஷம். சனி, ஞாயிறுகளில் அரியலூரிலிருந்து பஸ் ஏறி வந்து பெரம்பலூர் லேப் ஒன்றில் ரத்தம் எடுப்பேன். ஜமீலா அக்கா தைராய்டு டெஸ்டுக்கு மாமியாரோடு வந்திருந்தார். மேல்கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினேன். நரம்பு சிக்கவில்லை. தட்டினேன், தடவினேன், ரெண்டு மூணு நிமிஷம் ஓடியிருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கை மணிக்கட்டில் மடங்கியது. விரல்கள் நீட்டியபடியே ஒன்றாகக் குவிந்தன. கட்டைவிரல் உள்ளே ஒடுங்கியது. வளையல்காரரிடம் வளையல் போட நீட்டுவோமே, அதே கை.

"கையை லூசா விடுங்கக்கா, சும்மா இறுக்கிப் பயம் காட்டாதீங்க" என்று அதட்டினேன். "நான் இறுக்கலம்மா, அதுவா இழுக்குது" என்றார். கண் கலங்கியிருந்தது. எப்படியோ ரத்தத்தை எடுத்துப் பட்டையை அவிழ்த்தேன். கொஞ்ச நேரத்தில் கை தானாக விரிந்தது. மாமியார் அசரவே இல்லை. "பிரஷர் பாக்குறப்பவும் இதே கூத்துதான். நடிக்கிறாளாம், டாக்டரே சொல்லிட்டாரு. எம் மவனை துபாய்லேருந்து வரவைக்கத்தான் இத்தனையும்."

சீட்டில் இல்லாத டெஸ்ட்

அவர்கள் போன பிறகுதான் யோசித்தேன். கட்டினால் வருகிறது, அவிழ்த்தால் போகிறது. அது எப்படி நடிப்பாகும்? பையிலிருந்த பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். இருந்தது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் விரல் மரக்கும், தசை இழுக்கும், கையை இறுக்கிக் கட்டினால் இப்படிக் குவியும் என்று படத்தோடு போட்டிருந்தது. போன பரீட்சையில் இதே கேள்விக்கு விடை எழுதி மார்க் வாங்கியவள் நான். படத்தில் இருந்த கை தெரிந்தது. என் முன்னால் நீண்ட கை தெரியவில்லை.

மிச்சமிருந்த ரத்தத்தில் கால்சியம் பார்த்தேன். எட்டரைக்கு மேல் இருக்க வேண்டியது, ஆறரை. லேப் முதலாளி குதித்தார்: "டாக்டர் எழுதாத டெஸ்ட்டை உன்னை யாரு போடச் சொன்னா?" நானும் விடவில்லை. "எழுதியிருந்தா போட்டிருப்பீங்கல்லண்ணே? அவரு எழுதாததுக்கு அந்தக்கா உசிரை விடணுமா?" ரிப்போர்ட்டை வாங்கி அந்த எண்ணை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு அவரே போனை எடுத்து, ஆபரேஷன் செய்த இடத்துக்கே உடனே கூட்டிப் போகச் சொல்லி அக்கா வீட்டில் பேசினார். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இனிமே இப்படிப் பண்ணாத. பண்ணுனா முதல்ல எங்கிட்ட சொல்லிட்டுப் பண்ணு."

வெயிலுக்கா பஞ்சம்?

திருச்சியில் கால்சியத்தை நரம்பு வழியாக ஏற்றி, சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அடுத்த மாதம் மறுபடியும் டெஸ்டுக்கு வந்த அக்கா, அங்கே சொன்னதை எனக்கு ஒப்பித்தார். தைராய்டை ஒட்டி நாலு குட்டிச் சுரப்பிகள் இருக்கின்றன, கால்சியத்தைக் கவனிப்பவை அவைதான். ஆபரேஷனில் அவை அடிபட்டுவிட்டன. போதாததற்கு வைட்டமின் டி முன்பிருந்தே குறைவு. அது இல்லாமல் சாப்பிடும் கால்சியம் உடம்பில் சேராது. திருச்சியில் முதலில் கொடுத்திருந்த கால்சியம் மாத்திரையை, "இத்தனை மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்தியவர் நம் உள்ளூர் டாக்டர்.

சர்க்கரை பார்க்க பெஞ்சில் உட்கார்ந்திருந்த குன்னத்துக்காரர் சிரித்துவிட்டார். "வெயில்ல கெடைக்கிற வைட்டமினா? பெரம்பலூர்ல போயி அது கொறையுதா?" எனக்கு விவாதம் என்றால் போதுமே! ஊரில் வெயில் அடித்தால் ஆள்மேல் பட்டுவிடுமா? அக்காவுக்கு விடிந்தால் அடுப்படி, துணி உலர்த்தும் நேரம் மட்டும் மாடி. எனக்கு பஸ், லேப், வகுப்பறை, நடுவில் நடக்கிற நாலு அடிக்கும் குடை. குன்னத்துக்காரர் சட்டைக் கையை மடித்தார்: "எங்க வூட்டுல அவ வெங்காயக் காட்டுல நிக்கிறா, நான் டீக்கடை நெழல்ல குந்தியிருக்கேன். அப்ப எனக்குத்தான் பாக்கணும் போல, எடும்மா ரத்தம்!"

டாக்டர் சொன்ன பதில்

கால்சியம் ஏறியது, கை இழுப்பது நின்றது. ஆனால் 'நடிப்பு' என்ற சொல் வீட்டை விட்டுப் போகவில்லை. மாமியாருக்கு அந்த டாக்டர் சொன்னால்தான் வேதம்; துபாய் போனிலும் அதே பேச்சு. "புருசனே நம்பலைன்னா நல்லாகி என்னம்மா பிரயோஜனம்?" என்ற அக்கா, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு, மாமியாரோடு அந்த டாக்டரிடம் போனார். திருச்சிச் சீட்டையும் என் ரிப்போர்ட்டையும் மேசையில் வைத்தார். "சார், நடிப்புன்னு சொன்னீங்க. இல்லைன்னு எங்க மாமிகிட்ட ஒரு தடவ சொல்லிடுங்க."

டாக்டர் ரெண்டையும் நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மாமியார் பக்கம் திரும்பி, "கால்சியம் கொறைஞ்சா கை இப்படித்தாம்மா இழுக்கும். நான் அன்னைக்கே சொன்னேனே!" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையை அழுத்திப் பிடித்துவிட்டார். "அப்படிங்களா டாக்டரே! எனக்குத்தான் வெளங்கல போலிருக்கு, யா அல்லா" என்ற மாமியார், மருமகளின் இன்னொரு கையை எடுத்து விரல் விரலாக நீவிக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் உண்மைக்காகச் சண்டை போட்டுவிட்டு கடைசியில் ஒரு பொய்யின் தயவில் ஜெயித்த கடுப்பில், வாசலுக்கு வந்ததும் "அவரு அப்படிச் சொல்லவே இல்லக்கா!" என்று கத்தினேன். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "சொல்லிட்டுப் போறாரு, விடு. எங்க மாமி இன்னைக்கே துபாய்க்கு போன் போடுவாங்க பாரு."