அரசனின் மற்றச் சப்பாத்து

தகனச்சாலையில் கிடைத்தது நாற்பதே நிமிடம். முப்பதாவது நிமிடத்தில் பழைய மாணவர் சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்து, "ரெண்டே ரெண்டு நிமிசம்" என்றார். தவநாயகி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். இரண்டு நிமிடம் என்று சொல்லி மைக்கைப் பிடித்த எங்கள் ஆட்களில் எவர் இரண்டு நிமிடத்தில் இறங்கியிருக்கிறார்? வெளியே அடுத்த சவ ஊர்தி வேறு வந்து நின்றது.

பெட்டிக்குள் கிடந்த கணவர் அம்பலவாணன் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கடைசியாக அந்தப் பாட்டு. நாலு நிமிடம், முழுதாக.

லண்டன் பிளேஸ்டோவில் பெற்றோல் செற் ஒன்றில் இருபத்தாறு வருடம் கல்லாவில் நின்ற மனிதர். வேலைக்குச் சேர்ந்த கிழமையே ரேடியோவில் கேட்டு விழுந்த பழைய ரொக் பாட்டு அது. மினுங்கும் உடுப்பும் கண்மையும் காலில் குதி உயர்ந்த சப்பாத்துமாக ஒரு வெள்ளைக்காரன், தலை வெட்டுப்படப் போகிற அரசனாக நடித்துப் பாடுவான். வாளோடு நிற்பவனிடம் சாட்டுக்கு மேல் சாட்டு: பவுடர் பூசவில்லை, தொப்பி கோணல், கண்ணாடி கொண்டு வா. கிட்டாரும் கூடச் சேர்ந்து கெஞ்சும். பிறகு எல்லாம் சட்டென்று நின்றுவிடும். ஆள் முடிந்தான் என்று நாம் நினைத்திருக்க, "என்ரை மற்றச் சப்பாத்து எங்கே?" என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு கத்தல், ட்ரம்ஸ் அதிரும்.

அந்த மௌனத்தில் அம்பலவாணன் சோற்றுக் கையோடு ஒரு விரலைத் தூக்கிப் பிடிப்பார். "பொறு நாயகி, பொறு." பிறகு விழுந்து விழுந்து சிரிப்பார். "சாகப்போறவன்ரை எடுப்பைப் பாரன்!" மை பூசின ஆம்பிளையா என்று முதலில் முகம் சுளித்தவள், பிறகு அவருக்கு முன்னமே சிரிக்கத் தொடங்கினாள். டொக்டர் மூன்று மாதம் என்று சொன்னபோது, "நான் இன்னும் சப்பாத்துப் போடேல்லை" என்றார். ஏழு மாதம் இருந்தார்.

தலைவர் ஒருவழியாக இறங்கினார். முப்பத்தைந்தாவது நிமிடம்.

"அண்ணி, நேரம் போட்டுது. சனம் என்ன நினைக்கும்?" என்றார் கிருஷ்ணமூர்த்தி, அம்பலவாணனின் தம்பி. பிள்ளைகள் இல்லாததால் பெட்டியை நெருப்புக்குள் அனுப்பும் பட்டனை அமத்த வேண்டியவர் அவர்தான்.

"பாட்டைப் போடச் சொல்லுங்கோ, தம்பி."

போட்டார்கள். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின் வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார். தவநாயகி கண்ணை எடுக்காமல் கிருஷ்ணமூர்த்தியின் கையையே பார்த்திருந்தாள்.

பாட்டு நின்றது. அப்பாடா என்று அவர் விரல் பட்டனுக்குப் போனது. தவநாயகி எழுந்து நின்று ஒரு விரலைத் தூக்கினாள்.

"பொறுங்கோ! உங்கட அண்ணை இன்னும் சப்பாத்துப் போடேல்லை."

அரசன் கத்தினான். மண்டபமே அதிர்ந்தது. கிருஷ்ணமூர்த்திக்குச் சிரிப்பு வந்து, அது அழுகையாகப் போயிற்று. அவள் விரலை இறக்கவில்லை. கடைசி அடி ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு இறக்கினாள்.

"இப்ப அமத்துங்கோ, தம்பி."