லெக்கார்டு போட்ட ரேஸ் வண்டி

அதெல்லாம் இல்லைங்க, ஏகநாதன் ரேஸில் கீழே விழுந்ததே இல்லை. நீங்கள் கேட்கவில்லைதான். ஆனாலும் பம்மலில் யாரிடம் அவன் பேரைச் சொன்னாலும், "விழுந்து அடிபட்டு அதோட வுட்டவன்தானே?" என்பார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழவில்லை. முட்டியில் ஒரு சிராய்ப்புகூடக் கிடையாது. பூசணிக்காய் உடைத்தான், அவ்வளவுதான்.

இன்று காலை அவன் குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். என் மகள் ஹில்டாவுக்குப் பெண் குழந்தை பிறந்து நான்கு நாள் ஆகிறது. மூன்று கிலோ இருநூறு. வாட்ச்மேனிலிருந்து டீக்கடைக்காரர் வரைக்கும் இந்த எடையைச் சொல்லியாகிவிட்டது. பேத்தியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் காலையில் ஏகநாதன் சொன்ன ஒரு பேச்சு மண்டையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அவன் கதையைச் சொல்லாமல் அந்தப் பேச்சு உங்களுக்கு விளங்காது.

உத்திரமேரூர் பக்கத்துப் பையன். அப்பா அம்மா இல்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை தேடி வந்தவனை சுப்பராயலு பிடித்துக்கொண்டார். சுப்பராயலுவுக்குக் கீழ்க்கட்டளையில் நெல் விளைந்த நிலம் இருந்தது. அது பிளாட்டாகிப் போனதும் பம்மல் மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை போட்டு, மேலேயே வீடும் கட்டிக்கொண்டார். ஒரே மகள் ஜெயக்கொடி. வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்ட ஒரே விஷயம். எண்பத்தொன்பதில் கல்யாணம் நடந்தது.

அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மாப்பிள்ளைக்குத் தலைவலி வருவதற்கு முன்னால் மாத்திரை வந்துவிடும். சட்டைத் துணி அவர் எடுப்பார், தையற்காரரிடம் அளவையும் அவரே சொல்வார். கடையில் மாப்பிள்ளைக்கென்று ஒரு மர ஸ்டூல். மேலே கயிறும் வாளியும் தொங்கும், பக்கத்தில் ஆணிப் பெட்டிகள். அந்த ஸ்டூலிலிருந்து பார்த்தால் இரண்டு வாளிக்கு நடுவில் ஒரு முழம் ரோடு தெரியும். அதில் போகிற வண்டிகளின் சத்தத்தை வைத்தே எந்த வண்டிக்கு என்ன கோளாறு என்று ஏகநாதன் சொல்லுவான்.

கல்யாணச் சீராக ஒரு ஆர்.எக்ஸ். நூறு பைக் வாங்கிக் கொடுத்திருந்தார். சும்மா கொடுக்கவில்லை. விழுந்தால் காலில் அடிபடாமல் இருக்க முன்னால் கனமான லெக்கார்டு. மகள் புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின்னால் கம்பி வலை. அவள் ஒருபக்கமாக உட்கார்ந்து கால் வைக்க இடதுபக்கம் ஒரு பலகை. இத்தனையும் மாட்டிக்கொண்டு அந்த வண்டி நிறைமாதக்காரி மாதிரி நிற்கும்.

தொண்ணூற்றொன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பிராக்டிஸ் பார்க்கிறேன் என்று போனவன், தானும் வண்டியை இறக்கிவிட்டான். மறுநாள் என் கேஸ் வெல்டிங் ஷெட்டுக்கு வந்து நின்றான். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"அண்ணா, வளைவுல சாய்க்க சாய்க்க வண்டி கேக்குதுண்ணா. இன்னும் சாயலாம். ஆனா பாதியிலயே தரை இடிக்குது. லெக்கார்டு இடிச்சு பின் சக்கரமே மேல எழும்பிடுச்சு!"

"எழும்புனா சாவடா. அதுக்கு ஏன்டா பல்ல காட்ற?"

அன்றிலிருந்து ஒரு வேலைமுறை ஆரம்பித்தது. சனிக்கிழமை மத்தியானம் சுப்பராயலு தூங்குகிற நேரத்தில் லெக்கார்டு, கம்பி வலை, பலகை, சென்டர் ஸ்டாண்டு எல்லாம் என் ஷெட்டில் கழன்றுவிடும். ஞாயிறு டிராக்கில் ஓட்டம். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது எல்லாம் பழையபடி வண்டியில் ஏறிவிடும். திங்கட்கிழமை அதே வண்டியில் ஜெயக்கொடி ஒருபக்கமாக உட்கார்ந்து கோயிலுக்குப் போவாள்.

எது முதலில் இடிக்கிறது என்று கண்டுபிடிக்க அவன் ஒரு வழி வைத்திருந்தான். மாமியாரின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து வந்து வண்டியின் அடிப்பாகம் முழுக்கப் பூசிவிடுவான். ஓட்டிவிட்டு வந்து குப்புறப் படுத்துப் பார்ப்பான். சுண்ணாம்பு எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கே இடிக்கிறது. கால் வைக்கிற கம்பியை அறுத்து மேலே தூக்கி ஒட்டினோம். சைலன்சரை ஒரு விரல்கடை உள்ளே தள்ளினோம். அப்படியும் சுண்ணாம்பு தேய்ந்துகொண்டேதான் இருந்தது.

ஒருநாள் சீட்டின் மேல் என்னை உட்காரவைத்து, தரைக்கும் வண்டிக்கும் நடுவில் ஸ்கேல் வைத்துப் பார்த்தான்.

"நம்ம தப்புண்ணா. தொங்குறத மட்டும் அறுத்துனு கீறோம். ஸ்பிரிங் சாஃப்ட்டா கீது. வளைவுல கனம் ஏறுனா வண்டியே கீழ எறங்கிடுது. மொதல்ல அத தூக்கணும்."

முன்பக்கக் குழாய்களுக்குள் ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு அங்குலப் பைப் துண்டு வைத்து இறுக்கினான். உள்ளே கெட்டியான ஆயிலை மாற்றினான். பின்னால் வேறொரு வண்டியின் நீளமான ஷாக் அப்சார்பரை வாங்கி, போல்ட் மாட்டுகிற அதன் காதுகளை என்னிடம் வெட்டி ஒட்டிக்கொண்டான். வண்டியின் பின்புறம் எழும்பி வெட்டுக்கிளி மாதிரி நின்றது. அடுத்த ஞாயிறு ஓட்டிவிட்டு வந்து சுண்ணாம்பைக் காட்டினான். பூசினது பூசினபடியே இருந்தது.

"தொடவே இல்லண்ணா!" என்று கத்தினான். சுற்றி நின்ற ரேஸ்காரப் பையன்கள் தங்கள் வண்டியையும் பார்க்கச் சொல்லி வரிசையில் நின்றார்கள்.

ஆனால் வாரத்தில் ஆறு நாள் அந்த நீள ஷாக்கும் என் ஷெட்டில் ஆணியில் தொங்கும். சுப்பராயலு குள்ளமான மனிதர். மாப்பிள்ளையின் பின்னால் உட்கார்ந்துதான் எங்கும் போவார். உயரமான சீட்டில் அவரால் ஏற முடியாது.

டிராக்கில் பொன்னுரங்கம் என்று ஒருவர் வருவார். ஓசூரில் ஒரு கம்பெனியின் ரேஸ் டீமுக்கு ஆள் பார்ப்பவர். தொண்ணூற்று மூன்று செப்டம்பரில் அவர் ஏகநாதனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஓட்றதுக்கு எனக்கு ஆள் கீறாங்க. வண்டிய நிமித்தற ஆளுதான் இல்ல. அடுத்த மாசம் ரேஸ்ல உன் வண்டி ஒரு சுத்து ரெண்டு நிமிஷம் இருவது செகண்டுக்குள்ள வரட்டும். முதலாளிகிட்ட அத வெச்சுத்தான் நான் பேச முடியும். வேலையும் தரேன், புருஷன் பொஞ்சாதி இருக்க குவார்ட்டர்ஸும் தரேன்."

ஜெயக்கொடியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டான். "நீ போனா நானும் வரேன். எனக்கும் ஒரு அடுப்பு வோணும், நானா பத்த வெக்கிற அடுப்பு" என்றாளாம். அவளும் அந்த வீட்டில் இன்னும் குழந்தையாகத்தான் இருந்தாள். அவள் அப்பாவிடம் இரண்டு பேரும் சொல்லவில்லை. கையில் வேலை வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தார்கள்.

ரேஸ் விஜயதசமி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால் சுப்பராயலுவே வண்டியைத் தள்ளிக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தார்.

"தொர, இந்த போல்ட்டுங்க சும்மா சும்மா லூஸ் ஆவுது. மாப்ள வாரா வாரம் முடுக்கினே கீறாரு, பாவம். பூசைக்கு முன்னாடி லெக்கார்டு, வலை எல்லாத்தையும் பிரேமோட வெச்சு ஒட்டிடு."

போல்ட் லூஸ் ஆனது வாரா வாரம் கழற்றி மாட்டியதால்தான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"ஒட்டிட்டா கழட்ட முடியாதே, மொதலாளி" என்றேன்.

"கழட்றதுக்கா போட்றோம்?"

வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். இழுத்து ஒட்டாமல் நாலு இடத்தில் பொட்டு வைத்த மாதிரி வைத்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டேன். அவர் சந்தோஷமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை ஆயுத பூஜை. அன்றைக்குப் பம்மலில் ஒரு ஸ்பேனர் கிடைக்காது. எல்லாக் கடையிலும் சாமான்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிடுவார்கள். மறுநாள் மறுபூஜை முடிகிற வரைக்கும் தொடக் கூடாது. நாலு ஊருக்கு ரம்பம் விற்கிற கடையின் மாப்பிள்ளைக்கு அறுக்க ஒரு ரம்பம் இல்லை. மூன்று மணிக்கு நெற்றியில் விபூதியும் கையில் பொரிப் பொட்டலமுமாக வந்தான்.

"அண்ணா, உங்க ஊட்டு ரம்பம் பூசையில கீதா?"

"சர்ச்சுக்குப் போறவனுக்கு இன்னாடா ஆயுத பூச? பொரிய குடு, ரம்பத்த எடு."

லெக்கார்டில் மாமனார் வைத்த குங்குமம் இருந்தது. அதைக் கைக்குட்டையால் பதமாகத் துடைத்து, குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அப்புறம்தான் ரம்பத்தை வைத்தான். நாலு பொட்டும் நாலு நிமிஷத்தில் விட்டுக்கொடுத்தன. வண்டி அன்று ராத்திரி என் ஷெட்டிலேயே நின்றது.

ஞாயிறு விடிகாலையில் கிளம்பினான். மாமனாரிடம் சிநேகிதன் வீட்டு விசேஷம் என்று சொல்லியிருந்தான். அவர் ஒன்றும் கேட்கவில்லையாம். "பதினோரு மணிக்குள்ள வந்துடு மாப்ள, மறுபூச கீது" என்று மட்டும் சொன்னாராம்.

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். வேலி ஓரம் நின்று பார்த்தேன். மற்ற வண்டிகள் எல்லாம் வளைவில் தீப்பொறி பறக்கச் சறுக்கின. இவன் வண்டி மட்டும் சத்தமில்லாமல் படுத்து எழுந்து போனது. மூன்றாவதாக வந்தான். அதுகூடப் பெரிதில்லை. பொன்னுரங்கம் கையிலிருந்த கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டு நிமிஷம் பதினெட்டு.

"ஒண்ணாந்தேதி வந்துடு" என்றார்.

திரும்பும்போது என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டான். கால் வைக்க இடமில்லாமல் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குன்றத்தூர் வரைக்கும் வாய் ஓயவில்லை அவனுக்கு.

"ஓசூர்ல குளிருமாம்ண்ணா. ஜெயக்கொடிக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கணும். மாமாகிட்ட இன்னைக்கே சொல்லிடப் போறேன். வண்டிய இப்படியே கொண்டு போயி நிறுத்திட்டு சொல்லிடறேன்."

கடை வாசலில் கூட்டம் நின்றிருந்தது. மணி பதினொன்றே முக்கால். நாதஸ்வரக்காரர் ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சுப்பராயலு ஹார்டுவேர் என்ற பழைய போர்டு சுவரில் சாய்ந்திருந்தது. அது இருந்த இடத்தில் மாலை போட்ட புதுப் போர்டு. மஞ்சள் எழுத்தில் ஏகநாதன் ஹார்டுவேர்ஸ்.

சுப்பராயலு பட்டு வேட்டியில், ஏகநாதனின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஜெயக்கொடி படிக்கட்டில் நின்றிருந்தாள். அவளுக்கும் அதுவரைக்கும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. இறங்கி அவன் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள்.

"காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல அப்பா. உன் கையால பூசணிக்கா ஒடைக்கணுமாம். பன்னெண்டுக்கு எமகண்டம்."

ஏகநாதன் வாயைத் திறந்தான். சுப்பராயலு அதற்குள் எழுந்து வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். லெக்கார்டு இல்லை. வலை இல்லை. பலகை இல்லை. பின்புறம் எழும்பி நிற்கிறது. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இப்போது கத்துவார், கத்தினால் இவனும் பதிலுக்குச் சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். அவர் சீட்டின் மேல் கையை வைத்து உயரம் பார்த்தார்.

"வண்டி ஒசரமா கீதே மாப்ள. நான் எப்டி ஏறுவேன்?"

கோபமே இல்லை அந்தக் குரலில். நிஜமான கவலை. ஏகநாதன் போர்டைப் பார்த்தான், ஜெயக்கொடியைப் பார்த்தான். யாரோ அவன் கையில் பூசணிக்காயைக் கொடுத்தார்கள், மேலே கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. கற்பூரம் உருகி ஓரமாக வழியத் தொடங்கியது, இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் கை சுட்டுவிடும்.

"எறக்கிடலாம் மாமா" என்றான்.

உடைத்தான்.

ஒன்றாம் தேதி ஓசூர் பஸ் அவன் இல்லாமல் போனது. அதற்கு முன்னால் திங்கட்கிழமையே வண்டியை என் ஷெட்டுக்குக் கொண்டு வந்தான். பழைய ஷாக்கை மாட்டினான். முன்பக்கக் குழாயைத் திறந்து பைப் துண்டுகளை எடுத்து என் மேஜை மேல் வைத்தான். லெக்கார்டை எடுத்து அதன் இடத்தில் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"இந்த தபா நல்லா இழுத்து ஒட்டுண்ணா."

ஒட்டினேன். ஐந்து வருஷமாக அந்த ஒட்டு விடவில்லை. பொன்னுரங்கம் இரண்டு தடவை ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஏகநாதன் அதற்கப்புறம் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் போகவில்லை. ஸ்டூலுக்குப் பதிலாக இப்போது கைவைத்த நாற்காலி. வாளிகள் அதே இடத்தில்தான் தொங்குகின்றன.

இன்று காலை அந்த லெக்கார்டு வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தான். குழந்தைக்குத் துண்டும் சோப்பும் கொண்டு வந்திருந்தான். நாங்கள் வீட்டுக்குக் கிளம்ப எங்கள் தெரு சிட்டிபாபுவின் ஆட்டோ வாசலில் நின்றது. ஹில்டா குழந்தையோடு ஏறினாள். என் மனைவி செல்வமேரி ஏறினாள், மருமகனின் அம்மா ஏறினார், அப்புறம் வாளி, பிளாஸ்க், பாய், துணிமூட்டை. நானும் பேத்தியை விட்டு வரமாட்டேன் என்று ஒரு காலை உள்ளே வைத்தேன். ஏகநாதன் ஆட்டோவின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடியில் எட்டிப் பார்த்தான். எழுந்து வந்து ஒவ்வொரு மூட்டையாக இறக்கித் தன் வண்டியின் லெக்கார்டில் கட்டினான்.

"ஏன்டா, தூரமா இது? பம்மல்தானே!" என்றேன்.

என் முழங்கையைப் பிடித்து ஆட்டோவிலிருந்து இறக்கினான்.

"நீ என் பின்னால உக்காந்து வாண்ணா. ஸ்பிரிங்கு மேல இவ்ளோ கனத்த ஏத்தி முழுசா அமுக்கிட்டா, அப்புறம் அது ஸ்பிரிங்கே இல்ல, வெறும் இரும்பு. ரோட்டுல கீற அடியெல்லாம் நேரா குழந்தைக்குத்தான் போவும்."