சிவப்பு நூல் வரை

என் ருத்திராட்ச மாலையில் இருபதாவது மணிக்கு அடுத்து ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கும். விளக்குப் பூஜையில் பார்க்கும் பெண்கள், ஏதாவது வேண்டுதலா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரர் மூச்சை அடக்குவதற்காகக் கட்டியது என்று சொன்னால் கதை நீளும்.

அவர் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வயதிலேயே பிரஷருக்கு மாத்திரை. வீட்டுக்கு வந்தால் தொட்டதற்கெல்லாம் எரிச்சல். 2007-இல் கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூச்சுப் பயிற்சி முகாம் நடந்தபோது, கடலூரிலேயே இருந்த என் தம்பி அவரைக் கூட்டிப் போனான். வேகவேகமாக மூச்சை ஊதித் தள்ள வேண்டும், பிறகு நிறைய இழுத்து அடக்க வேண்டும். பயிற்சி கொடுத்தவர் இருபது சொடுக்கு போடும் வரை அடக்கினால் போதுமாம். வீட்டில் சொடுக்குப் போட ஆள் ஏது? "நீதான் தெனம் ஜெபம் பண்றியே, நீ எண்ணேன்" என்றார். எண்ணிக்கை தவறக் கூடாது என்று இருபதாவது மணிக்கு அடுத்து சிவப்பு நூலைக் கட்டினேன்.

விடியற்காலையில் சாமி அறையில் விளக்கேற்றியதும் போர்வையை மடித்துப் போட்டு உட்காருவார். ஒருமுறை வந்து தங்கியிருந்த தம்பி, அவர் ஊதும் சத்தத்தில் எழுந்து வந்து, "அக்கா, அடுப்புல பருப்பு வச்சிருக்கியா? மாமா விசில் வுடுறாரு" என்றான். அவர் கண்ணைத் திறக்காமலே, "சிரிடா மச்சான். ஒன் தொப்பைக்கும் இதான் வழி" என்றார்.

அவர் மூச்சை அடக்கியதும் நான் ஒரு மணிக்கு ஒரு 'நமசிவாய' சொல்வேன். ஆரம்பத்தில் எட்டாவது மணிக்கே திணறி விட்டுவிடுவார். "முகாம்ல இருபதும் சுளுவா வந்துச்சே, வீட்டுல ஏன் வரமாட்டேங்குது?" என்று கேட்டுக்கொள்வார். அந்தக் கேள்வியை நாங்கள் இரண்டு பேருமே அதற்குமேல் யோசிக்கவில்லை. மனசு ஒருமைப்படவில்லை என்று நினைத்து இன்னும் முயன்றார். பன்னிரண்டு வந்தது, பதினைந்து வந்தது. சிவப்பு நூலைத் தொட்ட அன்று நான் பாயசம் வைத்தேன்.

பொய் சொல்லக் கூடாது. முதல் சில வாரங்கள் நன்றாகத் தூங்கினார், கோபம் குறைந்தது. அந்தத் தைரியத்தில்தான் மாத்திரையை நிறுத்தினார். மீதி மாத்திரை சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது. தினமும் பூ வைக்கும்போது பார்ப்பேன், பூவை வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஊதி முடித்ததும் உதடு மரத்துப்போகிறது, விரல் நுனியெல்லாம் ஜிவ்வென்று இருக்கிறது என்பார். "சக்தி ஏறுதுடீ" என்று அவர் சொன்னால், நடராஜரின் அருள் என்று நான் நெற்றியில் திருநீறு பூசிவிடுவேன்.

ஆனித் தேர் அன்று காலை, "இன்னிக்கு நூலைத் தாண்டிடுவோம்" என்றார். இருபதில் முகம் கறுத்துச் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கையைக் காட்டினால் நிறுத்தலாம் என்று பார்த்தேன், காட்டவில்லை. இருபத்திரண்டாவது மணியில் அப்படியே சாய்ந்தார். பீரோ விளிம்பில் மண்டை இடித்து ரத்தம். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய் ஆட்டோ கொண்டுவந்தார். அதற்குள் கண் விழித்துவிட்டார், ஆனால் நாக்கு குழறியது. அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், "டூட்டி... டூட்டி..." என்றுதான் முனகினார்.

மறுநாள் அவர் தெளிந்த பிறகு, சின்ன வயசு டாக்டரம்மா எல்லாவற்றையும் விசாரித்தார். "நீங்க எப்புடி எண்ணுவீங்களோ அப்புடியே எண்ணுங்கம்மா" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் மாலை இல்லாமல் விரல் கணுவில் எண்ணினேன். ஐந்தாவதிலேயே நிறுத்தச் சொன்னார்.

"ஒரு தடவ சாமி பேரு சொல்ல மூணு செகண்டுக்கு மேல ஆவுது. சொடுக்குன்னா ஒரு செகண்டுகூட ஆவாது. மூணு பங்குக்கு மேல அடக்கியிருக்காரு. பிரஷர் உள்ளவங்க மாத்திரையையும் விட்டுட்டு இப்புடி ஊதி ஊதி அடக்கக் கூடாதும்மா. அந்த மரமரப்பு சக்தி இல்ல. மூச்சு ஜாஸ்தியா வெளிய போனா அப்புடித்தான் வரும்."

"சாமி பேர அவசரமா எப்புடிம்மா சொல்றது?" என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

தலையில் கட்டோடு படுத்திருந்தவர் சொன்னார்: "இவ 'அஞ்சு நிமிஷத்துல கெளம்புறேன்'னு சொன்னா நான் ஒரு மணி நேரம் காத்துனு இருப்பேன் டாக்டர். எனக்குத்தான் அப்பவே புத்தி வந்திருக்கணும்." டாக்டரம்மா சிரித்துவிட்டு, "இதே மயக்கம் பஸ் ஓட்டும்போது வந்திருந்தா?" என்று கேட்டார். அதற்கு அவர் சிரிக்கவில்லை. மாத்திரையை வாங்கி அங்கேயே விழுங்கினார்.

வீட்டுக்கு வந்தபின் மாலையை நான் தொடவில்லை. என் ஜெபமே அவரைச் சாய்த்ததே என்று இருந்தது. ஒரு மாதம் கழித்து அவரே அதை எடுத்து வந்து என் கையில் வைத்தார். "அடக்கப் போறதில்ல. நீ பாட்டுக்கு மெதுவா சொல்லு, நான் பாட்டுக்கு மூச்ச உட்டு வாங்குறேன்" என்றார்.

இப்போது அவர் ஓய்வுபெற்றுப் பல வருஷமாகிவிட்டது. தலையில் அந்தத் தழும்பில் மட்டும் முடி முளைக்கவில்லை. விடியற்காலையில் இரண்டு பேரும் உட்காருகிறோம். அவர் இழுத்து, விட்ட பிறகுதான் நான் அடுத்த மணியைத் தள்ளுகிறேன். சில நாள் அப்படியே உட்கார்ந்தபடி தூங்கிப்போவார். அப்போதும் அந்த மூச்சுக்குக் காத்திருப்பேன். வரும். சிவப்பு நூல் விரலில் பட்டு நகர்ந்து போகும்.