ரெண்டுக்கும் ஆவுற மாலை

போன வாரம் பக்கத்து வீட்டுக் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. வரதட்சணையா? இல்லை. பழைய காதலா? அதுவும் இல்லை. ஒரு மொட்டை!

திருத்தணியில் ஒருவன் மொட்டை போட்டதெல்லாம் ஒரு விஷயமா என்பீர்கள். நியாயம்தான். இந்த ஊரில் முடியோடு நடமாடுகிறவனைத்தான் திரும்பிப் பார்க்க வேண்டும். ஆனால் மலையில் முடி கொடுத்தவன் தலையில் சந்தனம் இருக்கும். இந்த மொட்டையில் சந்தனம் இல்லை... அங்கேதான் ஆரம்பித்தது வினை.

பக்கத்து வீட்டு நாகபூஷணம் விவசாயி. மகள் சுகுணா, அறிவியல் டீச்சர். அவளுக்கு நிச்சயித்திருக்கும் மாப்பிள்ளை டில்லிபாபுவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. அன்று காலை மூத்த மருமகன் முனிரத்தினம் பஸ்ஸில் அரக்கோணம் போயிருக்கிறார். ஜன்னல் வழியே பார்த்தால் – டீக்கடை வாசலில், கையில் ஹெல்மெட்டோடு, பளபளவென்று டில்லிபாபு! போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஆளும் திரும்பி வந்துவிட்டார். சத்தம் கேட்டு நான் போனபோது, போட்டோவைப் பெரிதாக்கி விளக்கிக்கொண்டிருந்தார்.

"தலையில சந்தனம் இல்ல. மீசையும் இல்ல. அவங்கப்பாவுக்கு காலைலேர்ந்து போன் போட்டுகினே இருக்கேன், எடுக்கல. இன்னா அர்த்தம்? பெரியவரு போயிட்டாரு. நம்மகிட்ட மறைக்கிறாங்க."

ஒரு 'ஒருவேளை' கிடையாது. ஒரு 'போலிருக்கு' கிடையாது. ஆளைக் கொன்று, காரியம் வரைக்கும் வந்துவிட்டார்.

"பாவா, அது உங்க ஊகம். ஊகம்னா அடுத்து செக் பண்ணணும். நைனா, நேரா கேட்டுடுங்க" என்று அக்கா புருஷனிடமும் அப்பாவிடமும் சொன்னாள் சுகுணா.

"நிச்சயம் பண்ண வீட்டுல 'யாரு செத்தாங்க'ன்னு எப்படிம்மா கேக்கறது? அபசகுனமாச்சே!" என்றார் நாகபூஷணம்.

அவளே டில்லிபாபுவுக்குப் போன் போட்டாள். டூட்டி நேரம். எடுக்கவில்லை.

"அப்பன் செத்தா கல்யாணத்துக்கு வருஷம் திரும்பணும். சாவையே மறைக்கிற குடும்பம் நமக்கு எதுக்கு? நிறுத்திடு மாமா" என்றார் முனிரத்தினம். சுகுணாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்த போனைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டிருப்பேன்.

ஊகிப்பது நல்ல வினைச்சொல். 'இப்படி இருக்கலாமோ' என்று ஒரு காரணத்தை முன்வைப்பது. பிறகு எழுந்து போய்ப் பார்ப்பது. தப்பென்றால் கூச்சப்படாமல் வாபஸ் வாங்குவது. இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்தச் சொல். நாம் முதல் பாதியைச் செய்துவிட்டு, நேராகத் தீர்ப்புக்குப் போய்விடுகிறோம். எழுந்து போக யாரால் முடிகிறது?

அன்று போக வேண்டியதாயிற்று. "சார், நீங்களும் வாங்க. எழுதுறவரு... எதுனா பேசி சமாளிப்பீங்க" என்று என்னையும் இழுத்துக்கொண்டார் நாகபூஷணம். சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதாம். பூக்கடையில் நின்றோம்.

"கல்யாணமா, சாவா?" என்றார் பூக்காரர்.

அதுவரை சத்தியம் செய்யாத குறையாகப் பேசிக்கொண்டிருந்த முனிரத்தினம் முதல்முறையாகத் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டுக்கும் ஆவுற மாதிரி ஒண்ணு குடுப்பா."

பூக்காரர் அசரவில்லை. சம்பங்கியும் ரோஜாவும் கலந்து ஒன்றைக் கொடுத்தார். அன்றைக்கு அந்தக் குடும்பம் உருப்படியாக ஊகித்தது அந்த ஒரு மாலையில்தான் என்பேன்.

அரக்கோணத்தில் கதவைத் தட்டினோம். திறந்தவர் – செத்துப்போனவர்! தலை மொட்டை. அதில் கெட்டியாகச் சந்தனம்.

நாகபூஷணம் மாலையும் கையுமாக உறைந்து நின்றார். நான்தான் முதுகில் ஒரு தள்ளு தள்ளினேன். மாலை சம்பந்தி கழுத்தில் விழுந்தது.

"ஐயய்யோ, இன்னாத்துக்கு சம்பந்தி இம்மாம் பெரிய மாலை!" பெரியவருக்கு வாயெல்லாம் பல். "நல்ல பொண்ணா அமைஞ்சா அப்பனும் புள்ளையும் மீசையோட சேத்து முடி குடுக்கறோம்னு வேண்டிகினோம். சுகுணா சரின்னு சொல்லிடுச்சு. காலைலயே உங்க ஊரு மலைக்கு வந்து முடிச்சிட்டோம். கல்யாணத்துக்குள்ள முடி வளரணுமில்ல? மொட்டையா பார்த்தா நீங்க எதுனா நெனப்பீங்கன்னுதான் சொல்லல."

நாங்கள் எதுவும் நினைக்கவில்லை என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

"போனு?" என்று இழுத்தார் முனிரத்தினம்.

"மலைமேல சைலண்ட்ல போட்டது. அப்படியே மறந்துட்டேன்."

"மாப்பிள்ளை தலையில சந்தனம்...?"

"ஹெல்மெட்டு மாட்டிகினு வந்தான். பூரா அதுல ஒட்டிகிச்சு. பொலம்பிகினே டூட்டிக்குப் போனான்."

திரும்பி வந்து சொன்னதும் சுகுணா தன் போனை எடுத்தாள். அந்த போட்டோவைத் திறந்து இன்னும் பெரிதாக்கினாள்.

"காதோரம் பாருங்க பாவா. மஞ்சளா தெரியுதா? சந்தனம்."

முனிரத்தினம் பார்த்தார். அப்போதுதான் கிளம்புவதற்குச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

அந்த மொட்டைதான் இப்போது சுகுணா போனில் வால்பேப்பர். பாவா வரும்போதெல்லாம் போனை மேஜையில் மல்லாக்க வைக்கிறாள். மாப்பிள்ளை மேல் காதலா, பாவா மேல் கோபமா... சும்மா ஊகிக்கிறேன்!