நான்காவது ஜெபக் குறிப்பு

கர்த்தருக்குள் அன்பான சகோதரரே, இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறியபின் எழுதினால் மெருகு ஏற்றிவிடுவேன்.

எங்கள் ஆலயம் ஆம்பூரில் ஒரு குறுகிய சந்தில் இருக்கிறது. பக்கத்தில் காதர் பாயின் வீடும் தோல் குடோனும். ஞாயிறு காலையில் அவருடைய லாரி சந்து முழுவதையும் அடைத்து நிற்கும். எங்கள் கமிட்டி சந்தின் முனையில் சங்கிலி போட்டுப் பூட்டியது. அவர் ஆட்கள் அறுத்தார்கள். மறுபடி பூட்டினோம். அதோடு பேச்சு நின்றது.

நான் சபைச் செயலாளர். லெந்து எனும் தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளி, உபவாச ஜெபத்துக்கான குறிப்புகளை அட்டையில் எழுதியவன் நான். நான்காவது குறிப்பு: 'காதர் பாயின் இருதயத்தை உடைத்தருளும்.' மனம் இளக வேண்டும் என்று பொருள். நம் சபைகளில் சாதாரண வார்த்தை. கமிட்டி அங்கத்தினர் ஒருவர் அதை மைக்கில் மூன்று முறை சொல்லி ஜெபித்தார். ஒலிபெருக்கி சந்தின் பக்கம் திரும்பியிருந்தது.

காதர் பாய் இருதய அறுவை சிகிச்சை முடிந்து வேலூரிலிருந்து வீடு திரும்பி இரண்டே நாள் ஆகியிருந்தது.

இது எனக்குத் தெரியும். நாட்குறிப்பு தவறாமல் எழுதுகிறவன் நான். 'புதன், மாலை ஐந்தே கால்: பாய் ஆம்புலன்ஸில் வந்து இறங்கினார், மார்பில் கட்டு' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அடுத்த பக்கத்தில் ஜெபக் குறிப்பு. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. இதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

அன்று மாலைக்குள் அந்த ஜெபம் வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கப் போய்விட்டது. 'பாய் சாக சர்ச்சில் ஜெபம்.' சனிக்கிழமை காலை சந்தின் இரு முனையிலும் வாலிபர்கள் கூடினார்கள். நம் பிள்ளைகள் கையிலும் கட்டை இருந்தது.

பத்து மணிக்குக் கமிட்டி கூடியது. "மன்னிப்பு கேட்டா சபை மானம் போய்டும். போலீஸ்ல சொல்லிக்கலாம்" என்றார் பொருளாளர்.

"ஐயா, நீங்களாவது வாங்க. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றேன் ஆயரிடம்.

"கமிட்டி முடிவுப்படி செய்யலாம், செகரட்டரி."

அவரை மேய்ப்பன் என்றுதான் அழைக்கிறோம்.

பக்கத்து அறையில் முழங்கால் போட்டேன். அழகான ஜெபம் இல்லை. "ஆண்டவரே, இவங்களுக்கு முதுகெலும்பு குடும். இல்லன்னா எனக்காவது குடும். யாரும் அடிபடக் கூடாது." எழுந்தபோது தைரியம் வந்ததாகத் தெரியவில்லை. கால் மட்டும் நடந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு போனேன்.

பாய் வீட்டு வாசலில் ஒருவன் மறித்தான். "இன்னா அங்கிள், இன்னும் எதாச்சும் ஒடைக்கணுமா?"

"விடுடா, வரட்டும்." உள்ளேயிருந்து பாயின் குரல்.

இருமும்போது தையல் வலிக்காமலிருக்க, மார்போடு தலையணையை அணைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எழுதினது நான்தான் பாய்" என்று அட்டையைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"உங்க பாஷைல இதுக்கு இன்னா சார் அர்த்தம்?"

"மனசு இளகணும்னு, பாய்."

"அத அப்டியே எழுதறதுக்கு இன்னா? ஒடைக்கிற வேலைய டாக்டரே முடிச்சிட்டாரு." தலையணையை இறுக்கிக்கொண்டு சிரித்தார். நான் அழுதேன்.

பிறகு போனை எடுத்து வாட்ஸ்அப்பில் அவரே பேசி அனுப்பினார். "நான் காதர் பேசறேன். உசுரோடதான் கீறேன். செகரட்டரி சார் என் வூட்ல ஒக்காந்து டீ குடிக்கிறாரு. எல்லாம் வூட்டுக்குப் போங்க."

பதினொன்றே முக்காலுக்குச் சந்து காலி. ஒரு கல்கூட விழவில்லை. ஜெபம் கேட்கப்பட்டது. ஆனால் சபை செய்ய மறுத்ததை, மூச்சுவிடவே சிரமப்பட்ட மனிதர் செய்தார். இதை நினைத்தால் இன்றும் கொதிக்கிறது.

ஞாயிறன்று அறிவிப்பு நேரத்தில் அட்டையைச் சபைமுன் வாசித்து மன்னிப்புக் கேட்டேன். இரண்டு குடும்பங்கள் எழுந்து போயின. ஆராதனை முடிந்ததும் ஆயர் அங்கியைக்கூடக் கழற்றாமல் போய்ச் சங்கிலியை எடுத்தார். சாவி அதுவரை அவரிடம்தான் இருந்தது. இப்போது லாரி ஞாயிறுதோறும் மெயின் ரோட்டில் நிற்கிறது.

தேவனுக்கு ஸ்தோத்திரம். இன்றும் ஜெபக் குறிப்பு எழுதுகிறவன் நான்தான். யார் பெயராவது வந்தால், முதலில் அந்த வீட்டுக்குப் போய் அவரிடமே வாசித்துக் காட்டுகிறேன். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். அந்த வாசலுக்குப் போகக் கால் வரவில்லையென்றால், முதலில் அதற்காக ஜெபியுங்கள். அதை ஆண்டவர் கேட்கிறார். என்னை நடக்க வைத்தாரே.